தலைச்சுற்றலுக்காக உள்காதில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு காது மந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுக்கையில் புரண்டால் அறை சுழல்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் சுழல்கிறது. எல்லாப் பயிற்சிகளும் செய்து பார்த்து, மாதக்கணக்கில் அடங்காமல், கடைசியில் உள்காதில் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள் சிலர். சுற்றல் நின்றுவிடுகிறது. ஆனால் கட்டைப் பிரித்த அன்று அந்தக் காது பஞ்சு அடைத்தது போல இருக்கிறது. ‘சுற்றலை விட்டுச் செவிட்டை வாங்கிக்கொண்டேனோ’ என்ற பயம் அப்போது வருகிறது. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பயத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

என் காதுக்குள் என்னதான் செய்தார்கள்?

உள்காது என்பது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. ஒரு பக்கம் ஒலியைக் கேட்கும் காக்ளியா, நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருப்பது. இன்னொரு பக்கம் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி. அதில்தான் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. சமநிலைப் பகுதியில் யூட்ரிக்கிள் என்ற சிறு பையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைக்கும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தைத் தள்ள, நாம் சுற்றாமலேயே சுற்றுவதாக மூளை நம்பிவிடுகிறது. பி.பி.பி.வி. என்று மருத்துவச் சீட்டில் எழுதுவது இதைத்தான்.

துகள்களைக் குழலிலிருந்து வெளியே உருட்டிவிடும் எப்ளி, செமோன்ட் போன்ற தலையசைவு முறைகளில் ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அப்படியும் அடங்காத மிகச் சிலருக்குத்தான் அறுவை. காதுக்குப் பின்னால் கீறி, மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, பின்புற அரைவட்டக் குழலின் எலும்புச் சுவரில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு திறப்பு வைப்பார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுக் குழலைக் கிழிக்காமல், எலும்புத் தூளும் ஃபைப்ரின் பசையும் போன்ற பொருள்களை வைத்து அழுத்தி அந்த இடத்தை அடைத்துவிடுவார்கள். அடைத்த பிறகு அந்தக் குழலில் திரவம் ஓடாது, துகள் இருந்தாலும் சுற்றல் வராது. பார்ன்ஸ், மெக்ளூர் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். நன்றாகக் கேட்கும் காதிலும் இதைச் செய்யலாம் என்று அடுத்த ஆண்டே எழுதினார்கள். அதற்கு முன்பு, 1974-இல் கேசெக் விவரித்த, அந்தக் குழலுக்குப் போகும் நரம்பை மட்டும் வெட்டும் முறை இருந்தது. அது செய்வதற்குக் கடினம், கேட்கும் திறனுக்கும் ஆபத்து அதிகம். அதனால் இப்போது பெரும்பாலும் குழலை அடைப்பதுதான் வழக்கம்.

அடைத்தது சமநிலைக் குழலை. காது ஏன் மந்தமாக வேண்டும்?

நியாயமான கேள்வி. இதற்கான பதில் புரிந்துவிட்டால் பாதிப் பயம் குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

முதல் காரணம், இரண்டு குடித்தனத்துக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். காக்ளியாவிலும் அரைவட்டக் குழலிலும் இருப்பவை அதே இரண்டு திரவங்கள்தான். எலும்புக்கும் சவ்வுக்கும் இடையில் இருப்பதைப் பெரிலிம்ஃப் என்பார்கள், சவ்வுக்குள் இருப்பதை எண்டோலிம்ஃப் என்பார்கள். மொத்தமே சில சொட்டுகள்தான். எலும்பில் திறப்பு வைக்கும்போது பெரிலிம்ஃப் கொஞ்சம் கசியும், ஒரு துளி இரத்தமோ எலும்புத் தூளோ உள்ளே போகலாம். உள்காது அதை விரும்பாது, லேசாக அழன்று வீங்கும். கிருமி இல்லாத இந்த அழற்சியைச் சீரஸ் லேபிரிந்தைட்டிஸ் என்பார்கள். அது நடக்கும் நாள்களில் காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்கள் முழு வேகத்தில் வேலை செய்யாது. அழற்சி வடிந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. எலும்பைக் குடையும்போது கழுவிய நீரும் கசிந்த இரத்தமும் நடுக்காதில் தேங்கி நிற்கும். செவிப்பறைக்குப் பின்னால் திரவம் இருந்தால் செவிப்பறையும் அதை ஒட்டிய மூன்று குட்டி எலும்புகளும் தாராளமாக அதிர முடியாது. சளி பிடித்தால் காது அடைப்பது போலத்தான். சிலருக்குக் காதுத் துவாரத்தில் மருந்துத் துணி வைத்திருப்பார்கள், அதுவும் சேர்ந்துகொள்ளும்.

குடைகருவியின் சத்தமும் உண்டு. மயக்கத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எலும்பு வழியாகப் போகும் அந்த அதிர்வு காக்ளியாவைக் கொஞ்சம் களைப்படைய வைக்கும்.

ஆக, மந்தத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று, ஒலி உள்ளே போகும் வழியில் தடை. மற்றொன்று, உள்காதே சுணங்கிப்போவது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

முதல் சில நாள்கள் எப்படிக் கேட்கும்?

கட்டு இருக்கும்வரை ஒன்றும் தீர்மானிக்க வேண்டாம், அந்தக் கட்டே போதும் காதை மூட.

கட்டு பிரித்த பிறகு பலர் சொல்வது: மற்றவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது, ஆனால் தன் குரல் மட்டும் மண்டைக்குள் கணீரென்று ஒலிக்கிறது. மெல்லும் சத்தம், நடக்கும்போது குதிகால் தரையில் படும் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கும். நடுக்காது அடைத்திருக்கும்போது எலும்பு வழியாக வரும் ஒலி ஓங்கித் தெரியும் என்பதுதான் விஷயம். அதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை.

இன்னொன்று, பலரை உண்மையாகவே கலங்க வைப்பது. ஒரே அழைப்புமணி ஒரு காதில் ஒரு சுருதியிலும் மறு காதில் வேறு சுருதியிலும் கேட்கும். பாட்டு கேட்டால் சுருதி சேராத இரண்டு பேர் பாடுவது போல இருக்கும். பாடுகிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் இதில் மிகவும் மனம் உடைந்துபோகிறார்கள். உள்காது அழற்சியின் அடையாளம் இது. அழற்சி வடிய வடிய இரண்டு சுருதியும் நெருங்கி வரும்.

‘சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை’ என்பது அடுத்த புகார். உயிரொலிகள் கீழ் அதிர்வெண்ணில் பலமாக இருக்கும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் மெய்யொலிகள் மேல் அதிர்வெண்ணில், மெலிதாக இருக்கும். மேல் அதிர்வெண் குறைந்தால் ‘கட்டை’, ‘சட்டை’, ‘பட்டை’ மூன்றும் ஒன்றாகக் காதில் விழும். ஆள் கூடிய இடத்தில் இன்னும் மோசம்.

கீறிய இடத்தை ஒட்டிக் காதுமடலும் மரத்துப்போயிருக்கும். தொலைபேசியை அதில் வைத்தால் யாரோ ஒருவருடைய காதில் வைத்தது போல இருக்கும். அது தோலின் நரம்பு சம்பந்தப்பட்டது, கேட்கும் திறனோடு தொடர்பில்லை. சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் உணர்வு திரும்பும்.

என் மந்தம் எந்த வகை என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். அமைதியான அறையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்…’ என்று தாழ்ந்த குரலில் முனகுங்கள். அந்த முனகல் எந்தப் பக்கம் பலமாகத் தெரிகிறது என்று கவனியுங்கள். அறுவை செய்த காதில் பலமாகத் தெரிந்தால், மந்தத்தில் பெரும்பங்கு நடுக்காது அடைப்பினால் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் உள்காதின் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி உங்கள் நெற்றியில் வைத்து ‘எந்தப் பக்கம் கேட்கிறது?’ என்று கேட்பாரே, வெபர் பரிசோதனை, அதே தத்துவம்தான்.

நான் இதைச் சொல்லித் தருவதற்குக் காரணம் நாள்தோறும் செய்து பார்த்துக் கவலைப்படுவதற்காக இல்லை. ஒரு நாள் அறுவை செய்த பக்கம் கேட்டுக்கொண்டிருந்த முனகல், திடீரென்று மறு பக்கத்துக்குத் தாவி, கூடவே காதும் மந்தமானால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு பயனுக்காகத்தான். இரண்டு வகையும் கலந்திருக்கும்போது இந்தச் சோதனை குழப்பும், முறையான பரிசோதனைக்கு இது ஈடாகாது.

எவ்வளவு நாளில் சரியாகும்?

நடுக்காதில் தேங்கியது பொதுவாகச் சில வாரங்களில் உடம்பாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, ஒரு நொடி உலகம் தெளிவாகி, மறுபடி அடைத்துக்கொள்ளும். நல்ல சகுனம்தான் அது, நடுக்காதில் காற்று புகுகிறது.

உள்காதின் பங்கு மெதுவாகத்தான் மீளும். சில வாரங்களில் தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள்வரை மாறிக்கொண்டே இருக்கலாம். இரண்டாவது வாரத்தில் இருக்கும் கேட்கும் திறனை வைத்து அறுவை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த வாரம் உடம்பு களைத்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், நடை தள்ளாடும். மனசு எதையும் கறுப்பாகத்தான் பார்க்கும்.

ஒரு நாள் நன்றாகக் கேட்கிறது, மறுநாள் அடைக்கிறது. இது சரியா?

மீளும் காலத்தில் இப்படி ஏறி இறங்குவது சகஜம். ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு ஒரே வரி எழுதுங்கள்: இன்று எப்படிக் கேட்டது, இரைச்சல் உண்டா, சுற்றல் உண்டா. வாரம் வாரமாகப் பார்த்தால் போக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கீழ்நோக்கியே போனால், சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

காதில் ‘ங்…’ என்று இரைச்சல் வருகிறதே?

கேட்கும் திறன் குறையும்போது மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டி வைக்கும், அதன் விளைவுதான் இரைச்சலில் ஒரு பகுதி. கேட்கும் திறன் மீளும்போது பெரும்பாலும் இதுவும் தணியும். இரவில்தான் தொந்தரவு அதிகம். முழு நிசப்தத்தில் படுக்காமல் மின்விசிறிச் சத்தம் போன்ற மெல்லிய பின்னணி ஒலியை வைத்துக்கொண்டால் தூங்க முடியும்.

ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் கோடுகளாகக் காட்டும் பரிசோதனைத் தாள்) எப்போது எடுக்க வேண்டும்? அந்தக் கோடுகளை எப்படிப் படிப்பது?

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: அறுவைக்கு முன்பே ஒன்று எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பிறகு எடுக்கும் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. ‘எனக்கு முன்பு நன்றாகத்தான் கேட்டது’ என்பவர்களில் சிலருக்கு மேல் அதிர்வெண்ணில் பழைய குறை இருந்திருக்கும், அவர்களுக்கே தெரியாது.

அறுவைக்குப் பிறகு முறையான பரிசோதனையைக் கட்டும் வீக்கமும் நீங்கி, நடுக்காது ஓரளவு காய்ந்த பிறகு, பல இடங்களில் 4 முதல் 6 வாரங்களில் எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இடையில் சந்தேகம் வந்தால் உடனேயும் எடுக்கலாம்.

தாளில் மேலிருந்து கீழே போகும் எண்கள் டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். சுமார் 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ்வரை, தாழ்ந்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலிவரை. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இவை காற்று வழியாகக் கேட்டவை. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வியை வைத்துச் சோதித்ததற்குத் தனிக் குறிகள் இருக்கும்.

எலும்பு வழிக் குறிகள் மேலேயே இருந்து காற்று வழிக் கோடு மட்டும் கீழே இறங்கியிருந்தால் உள்காது நன்றாக இருக்கிறது, வாசலில்தான் தடை. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் உள்காது சுணங்கியிருக்கிறது. அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒவ்வொரு பரிசோதனையிலும் மூடிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது நோயாளியின் முகம் மாறுவதைப் பார்க்கிறேனே, அதற்காகவே தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து விளக்குவேன். உங்கள் தாளை நீங்களும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நிரந்தரமாகக் கேட்காமல் போய்விடுமா?

போகலாம், ஆனால் அரிது. மறைப்பதில் அர்த்தமில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே இது சொல்லப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலோருக்குக் கேட்கும் திறன் அறுவைக்கு முன் இருந்த நிலைக்கோ அதன் அருகிலோ திரும்புகிறது. சிலருக்கு மேல் அதிர்வெண்ணில் சிறு குறை தங்கிவிடும், அன்றாடப் பேச்சில் அதை அவர்கள் உணராமலும் இருக்கலாம். சவ்வுக் குழல் கிழிந்தாலோ கிருமித் தொற்று உள்ளே போனாலோ ஒரு காது முழுதாகவே கேட்காமல் போகும் அபாயம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேலும் பேச்சுப் புரியாத அளவு குறை இருந்தால், காது கேட்கும் கருவி பற்றிப் பேசத் தொடங்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். அவசியமா?

உள்காது அழற்சியைத் தணிக்கத்தான் அது. எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், நீங்களாக இடையில் நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?

மெல்ல மெல்லத் தேறிக்கொண்டிருந்த காது திடீரென்று மணிக்கணக்கில் மந்தமானால். அடங்கியிருந்த சுற்றல் வாந்தியோடு திரும்பினால். காய்ச்சல், காதிலிருந்து சீழ், கூடிக்கொண்டே போகும் வலி. முகம் ஒரு பக்கம் கோணுவது, கண்ணை முழுதாக மூட முடியாமல் போவது. காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டுவது. கழுத்து விறைப்போடு கடும் தலைவலி. இவற்றில் எது வந்தாலும் அறுவை செய்த இடத்தைக் கூப்பிடுங்கள், இரவானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்காதுக்குத் திடீரென வரும் கேட்புக் குறைக்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு மூன்று நாள் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கடமாக இருக்கும் என்று யோசிக்காமல் போன் செய்யுங்கள்.

மூக்கு சிந்தலாமா, தலைக்குக் குளிக்கலாமா, விமானத்தில் போகலாமா?

மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். கனமான பொருள் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது இரண்டும் உள்காதில் அழுத்தத்தைக் கூட்டும். மலச்சிக்கல் இருந்தால் மருந்து கேளுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமானப் பயணமும் நீச்சலும் மருத்துவர் அனுமதித்த பிறகுதான், நீருக்கடியில் மூழ்குவதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இயர்போன் போடலாமா?

காயம் ஆறி, மருத்துவர் காதுக்குள் பார்த்துச் சரி என்ற பிறகு. மந்தமாகக் கேட்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள்.

சுழலும் சுற்றல் போய்விட்டது. ஆனால் நடந்தால் தள்ளுகிறதே?

மூன்று குழல்களில் ஒன்று இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு காதிலிருந்தும் வரும் தகவல் சமமாக இல்லை, மூளை புதுக் கணக்குக்குப் பழக வேண்டும். சில நாள்களிலிருந்து சில வாரங்கள் ஆகும். நடந்தால்தான் பழகும், படுத்தே இருந்தால் தாமதமாகும். பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை மெதுவாக இடவலமாக அசைப்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளை மருத்துவர் சொன்ன நாளில் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கே சேர வேண்டும். ஒரு காது மந்தமாக இருக்கும்போது சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. நடையும் தள்ளும் இந்த நாள்களில் சாலையைக் கடக்கும்போது காதை நம்பாமல் இருபுறமும் திரும்பிப் பாருங்கள், முடிந்தால் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கத்த வேண்டாம். நல்ல காதின் பக்கம் வந்து, முகம் தெரிய, சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். ‘ஒன்றுமில்லை, விடு’ என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். காது மந்தமானவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு வாக்கியம்தான் மிகவும் வலிக்கிறது என்பார்கள்.

எனக்கு மறு காது ஏற்கெனவே கேட்காது. இந்த அறுவையைச் செய்துகொள்ளலாமா?

கேட்கும் ஒரே காதில் இதைச் செய்வதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். அபாயம் சிறிது என்றாலும் இழப்பு ஈடு செய்ய முடியாதது. தலையசைவு முறைகளை, அதில் தேர்ந்த வேறொருவரிடம் இன்னொரு சுற்று முயன்று பாருங்கள். எந்தக் குழலில் துகள் இருக்கிறது என்பதையே மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அடங்காத சுற்றல் என்று வருபவர்களில் சிலருக்குத் துகள் வேறு குழலில் இருக்கும், செய்த பயிற்சி வேறு குழலுக்கானதாக இருக்கும்.

சில மாதம் கழித்து மறுபடி சுற்றினால்?

அடைத்த குழலிலிருந்து வருவது அரிது. அதே காதின் மற்றக் குழல்களிலோ மறு காதிலோ துகள் விழலாம், அதற்கு மறுபடி தலையசைவு முறையே பெரும்பாலும் போதும். போகும்போது பழைய ஆடியோகிராம்களை ஒரு உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அறுவைக்கு முன் எடுத்ததும் அதில் இருக்கட்டும்.